அவசரம் என்ற பெயரில் கொடுக்கப்படும் ஒப்பந்தங்கள்

குளக்கட்டு உடைந்தால் அதைத் திருத்தும் வேலையை அரசாங்கம் யாரோ ஒருவரிடம் கொடுக்கிறது. வீட்டுத்திட்டமும் அப்படியே, நிவாரண அரிசியும் பருப்பும் அப்படியே. யாரிடம் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது, வேலை ஒழுங்காக நடந்ததா என்று யார் பார்ப்பது என்பவற்றைச் சொல்லும் விதிகளையே பெறுகைச் சட்டம் என்கிறார்கள். பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரக்கூடிய விடயந்தான். ஆனால் ஊரைவிட்டு வந்து, திரும்பிப்போகும் நாளைப் பார்த்திருக்கும் கமக்காரக் குடும்பங்களுக்கு, நாளை கிடைக்கப்போகும் சுவரின் பலமும் துருசின் பலமும் இந்த விதிகளிலேயே தங்கியிருக்கின்றன.

ஆகவே, இந்தக் கொட்டாவி விடயத்தையே தனது வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு பெண்மணியைப்பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம். அவர் எமது நாட்டவர் அல்லர். ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த கிளேயர் மக்கஸ்கில் என்பவர். 2007 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை பன்னிரண்டு ஆண்டுகள் செனற் சபையில் இருந்தார். அதற்குமுன் அரச வழக்குத்தொடுநராகவும், பின்னர் மாநிலத்தின் கணக்காய்வாளராகவும் கடமையாற்றியவர். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பழகிய கை என்று சொல்லலாம்.

அவர் செனற் சபைக்குப் போன வேளையில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போரைப் படையினர் மட்டும் நடத்தவில்லை. சமையல், லொறி ஓட்டம், உடுப்புத் தோய்த்தல், கட்டட வேலை, காவல் எல்லாம் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தன. ஒரு கட்டத்தில் ஒப்பந்த ஊழியரின் தொகை 260,000ஐயும் தாண்டியது. போர்க்காலம், அவசரம் என்று சொல்லிப் பல வேலைகள் போட்டியின்றியே கொடுக்கப்பட்டன. பெரிய ஒப்பந்தங்கள் சிலவற்றில் இன்னொரு வழக்கமும் இருந்தது. என்ன செலவு வந்தாலும் அரசாங்கம் கொடுக்கும், அதற்கு மேலே இலாபமும் கொடுக்கும். கிணறு வெட்டுபவரிடம், “எத்தனை நாள் எடுத்தாலும் நாட்கூலி உண்டு, முடிவில் சந்தோசமும் உண்டு” என்று சொல்லிவிட்டால் அந்தக் கிணற்றில் எப்போது தண்ணீர் காண்பது?

மக்கஸ்கில் 2007இல் குவைத்துக்கும் ஈராக்குக்கும் நேரிற் சென்று ஒப்பந்தங்கள் நடைபெறும் விதத்தைப் பார்த்தார். அதே ஆண்டில், வேர்ஜீனியா மாநிலத்தின் செனற்றர் ஜிம் வெப்புடன் சேர்ந்து, போர்க்கால ஒப்பந்தங்களை ஆராய ஓர் ஆணைக்குழு வேண்டுமென வாதாடினார். 2008 ஜனவரியில் அது சட்டமாயிற்று. இதற்கு முன்மாதிரி ஒன்று அவரது மாநிலத்திலேயே இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், ஹரி ட்ரூமன் என்ற செனற்றர் போர்ச் செலவுகளை விசாரிக்கும் குழுவொன்றை நடத்தினார். பின்னர் சனாதிபதியான அந்த ட்ரூமன் இளமையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் குடும்பக் காணியில் உழுது விதைத்தவர் என்பதை எமது வாசகர்கள் கவனிக்கவேண்டும். அவர் இருந்த அதே செனற் ஆசனமே மக்கஸ்கிலுக்கும் கிடைத்தது.

ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2011 ஓகஸ்ட் மாத முடிவில் வெளிவந்தது. ஒப்பந்தங்களுக்கும் நன்கொடைகளுக்குமாகச் செலவான ஏறக்குறைய 206 பில்லியன் டொலரில், குறைந்தது 31 பில்லியன், கூடினால் 60 பில்லியன் வீணாகவும் மோசடியாகவும் போனது என்று அது சொல்லிற்று. ஈராக்கில் 40 மில்லியன் டொலரை விழுங்கிய சிறைச்சாலையொன்று கட்டி முடிக்கப்படவேயில்லை. அது வேண்டுமென்று ஈராக்கியர் கேட்கவுமில்லை. காபூல் நகரத்துக்கென ஏறத்தாழ 300 மில்லியன் டொலரில் மின்நிலையம் ஒன்று அமைத்தார்கள். அது டீசலில் ஓடுவது. அயல்நாட்டிலிருந்து கம்பி வழியாக வாங்கும் மின்சாரம் அதைவிட மலிவு. எண்ணெய்க்குப் பணம் யார் கொடுப்பது?

இந்த இடத்திலேதான் மக்கஸ்கிலின் பங்களிப்பு மிகப் பெறுமதியானது என்பது எமது கருத்து. திருட்டைப் பிடிப்பதுடன் அவர் நிற்கவில்லை. 2012இல் வெப்புடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த சட்டமூலத்தின் பல பகுதிகள் 2013 ஜனவரியில் பாதுகாப்புச் செலவுச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டன. அதன்படி, போர் நடக்கும் நாட்டில் பெரிய கட்டுமானம் ஒன்றைத் தொடங்குமுன், அந்த நாடு அதை விரும்புகிறதா, பின்னர் அதைப் பராமரிக்க அதற்கு வலு உண்டா என்று பார்த்தாகவேண்டும். கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்த்த உவமையை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அதை ஒரு வல்லரசின் சட்டப்புத்தகத்தில் ஏற்றுவதற்கு இவ்வளவு பணம் அழியவேண்டியிருந்தது.

இரண்டாவது காரியம், வாய் திறப்பவரைக் காப்பது. சீமெந்துக் கலவையில் என்ன குறைந்தது என்பது வேலை செய்யும் தொழிலாளிக்கே முதலில் தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்பதால் அவர் பேசாமல் இருப்பார். ஒப்பந்தக் கம்பனிகளிலும், அரச நன்கொடை பெறும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் முறைகேட்டை வெளிப்படுத்தினால் அவர்களைப் பழிவாங்கக்கூடாது என்ற பாதுகாப்பும் 2013இன் சட்டத்தில் வந்தது. அதில் ஒரு பகுதி பரீட்சார்த்தமாகவே இருந்தது. அதை நிரந்தரமாக்கும் சட்டமூலத்தையும் மக்கஸ்கிலே கொண்டுவந்தார். 2016 டிசம்பரில் அது நிறைவேறிற்று.

அவருடன் எமக்கு முழு உடன்பாடு உண்டு என்று சொல்லமுடியாது. அலாஸ்காவின் பூர்வீகக் குடிகள் தமது நில உரிமைக் கோரிக்கைகளைக் கைவிட்டதற்கு ஈடாக, 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் காணியையும் பணத்தையும் சொந்தக் கம்பனிகளையும் கொடுத்தது. பின்னர் இக்கம்பனிகள் எவ்வளவு பெரிய அரச ஒப்பந்தத்தையும் போட்டியின்றிப் பெறும் சலுகையைப் பெற்றன. ஏழைகளின் பெயரால் எடுக்கப்படும் வேலையின் இலாபம் வேறு பெரிய கம்பனிகளுக்குப் போகிறது என்று 2009இல் மக்கஸ்கில் விசாரணை நடத்தினார். அடுத்த ஆண்டு அச்சலுகையையே நீக்கவேண்டும் என்றார். அலாஸ்காவின் செனற்றர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 20 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட இவ்விதமான ஒப்பந்தங்களுக்கு எழுத்தில் காரணம் காட்டவேண்டும் என்ற விதி மட்டும் சட்டமாயிற்று. எமக்கு அது போதுமானதாகவே தெரிகிறது. நிலம் இழந்தவனுக்குக் கொடுத்த சலுகையை இடையில் ஒருவன் களவெடுத்தால், களவெடுத்தவனைப் பிடிப்பதா, சலுகையைப் பறிப்பதா? எமது பெயரால் கொண்டுவரப்பட்ட தகரமும் தறப்பாளும் எந்தெந்தக் கைகளில் நின்று வந்தன என்பது எமக்குத் தெரியும். அதற்காக அவற்றை அனுப்பவே கூடாது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறர் கணக்கைப் பார்த்தவரின் சொந்தக் கணக்கும் பிழைத்தது. கணவருடன் பங்கு வைத்திருந்த விமானத்தில் பறந்த செலவை அலுவலகத்தில் பெற்றது 2011இல் வெளிவந்து, ஏறத்தாழ 88,000 டொலரைத் திருப்பிச் செலுத்தினார். அதே விமானத்துக்கான வரி நிலுவையும் இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஆக்கிய விதிகள் அதனால் பழுதாகவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அவரது பேச்சுக்களின் நடுவில் நின்றவர் அமெரிக்க வரியிறுப்பாளர். பாதி கட்டிய வைத்தியசாலையின் முன் பிள்ளையுடன் நின்ற ஆப்கானியத் தாய் அந்த விவாதத்தின் ஓரத்திலேயே நின்றாள். பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவது நீதியே. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவருக்கும் காட்டவேண்டாமா?

எமது நாட்டில் பெறுகைகள் நீண்டகாலமாகச் சட்டத்தினால் அன்றி வழிகாட்டல் கோவைகளினாலேயே நடந்துவந்தன. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை உண்டாக்கிற்று. 2020இல் 20ஆவது திருத்தம் அதை நீக்கிற்று. 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. கொழும்பில் வைத்தும் எடுத்தும் விளையாடும் இந்த ஆணைக்குழு எமது குளக்கட்டுக்கு வந்து நிற்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்தில் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைச் சொல்லவேண்டும். கமக்கார அமைப்பின் பெயரில் பலர் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுத்தால் ஒருவர்மீது மட்டும் கோபம் விழாது. வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் கேள்விப்பத்திரம் போட்டார்கள், என்ன வேலைக்கு எவ்வளவு விலை, இதுவரை எவ்வளவு பணம் கொடுத்தாயிற்று என்று கேட்டு எழுதுங்கள். அதன் கீழே, அடுத்த மாரிக்குப் பின் துருசு பழுதானால் அதைத் திருத்துவது யார் என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.