மாட்டு வைத்தியம் இழிவா?

என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவி, இன்று கால்நடை மருத்துவத்தில் இறுதியாண்டு. சுழற்சிமுறைப் பயிற்சியில் நாய், பூனை, குதிரை, மாடு, கோழி எனப் பிரிவு பிரிவாகச் செல்கிறாள். பண்ணை விலங்குப் பிரிவே அவள் மனத்தைக் கவர்ந்தது. உறவினர்களோ, "மாட்டு வைத்தியம் பார்க்கவா இவ்வளவு படித்தாய்? நகரத்தில் நாய், பூனைகளுக்குக் கிளினிக் திற!" என்கிறார்கள்.

எனக்குச் சினம் பொங்குகிறது! 1998-99இல் நிப்பா கிருமி பன்றிப் பண்ணைகளில் பரவி, நம் நாட்டில் 105 பேரைக் கொன்றதே, மறந்துவிட்டோமா? கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றல்லவா முதலில் எண்ணினார்கள்? பண்ணையில் நிற்கும் மருத்துவர் மனித உயிருக்கும் காவலர்.

தோட்டத்தில் மாடு வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த சமூகம், மாட்டு மருத்துவரை இகழலாமா? எல்லாப் பிரிவுகளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கத்தானே அந்தப் பயிற்சி? பெற்றோரே, முடிவை அவளிடமே விடுங்கள்!