‘டேக் ஆஃப்’: கழற்றவா, பறக்கவா, விடுப்பா?

தேக்காவில் ஒரு நடை நடந்தால் ‘டேக் ஆஃப்’ என்பதற்குப் பாதி அகராதி கிடைத்துவிடும்.

சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுகிறோம். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’. ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ என்றாலும் சரிதான். ஆனால் ‘தெம்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘டேக் தெம் ஆஃப்’. ‘டேக் ஆஃப் தெம்’ என்றால் பிழை.

பேரம் பேசிக் கடைக்காரர் இரண்டு வெள்ளி குறைத்தாரா? ‘ஹி டுக் டூ டாலர்ஸ் ஆஃப்’.

சாங்கியில் விமானம் கிளம்பினாலும் டேக் ஆஃப்தான். தொழில் சூடுபிடித்தால், ‘தி பிசினஸ் ஹேஸ் டேக்கன் ஆஃப்’. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று கிளம்பிப் போய்விட்டால், ‘ஹி டுக் ஆஃப்’. இந்த மூன்றிலும் எதை என்ற கேள்விக்கே இடமில்லை.

இனி, நம் ஊர்ச் சிக்கலுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் லண்டனில் இருக்கும் தம் மேலாளருக்கு ‘ஐ வில் டேக் ஆஃப் டுமாரோ’ என்று எழுதினார். ‘எங்கே பயணம்?’ என்று பதில் வந்தது. அவர் கேட்டதோ ஒரு நாள் விடுப்பு! “நாளைக்கு எனக்கு ஆஃப்” என்று நாம் தமிழில் பேசுவதும் சிங்கப்பூர் ஆங்கிலமும் கைகோத்ததன் விளைவு இது. ‘ஐ வுட் லைக் டு டேக் டுமாரோ ஆஃப்’ என்று நாளை நடுவில் வைத்தால் குழப்பம் தீரும்.

அப்போதும் ஒரு கேள்வி மிச்சம். அது எந்த ‘ஆஃப்’? வாராந்தர ஓய்வு நாளா, ஆண்டு விடுப்பா, பொது விடுமுறையில் வேலை பார்த்ததற்கு ஈடாகக் கிடைத்த ‘ஆஃப் இன் லூ’ நாளா? சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வருபவர், 3 மாதம் பணியாற்றியபின் ஆண்டு விடுப்புக்கு உரிமை பெறுகிறார். முதல் ஆண்டுக்கு அது குறைந்தது 7 நாள். அந்த ஏழில் ஒன்று தவறாகக் கழிக்கப்பட்டால் இழப்பு நமக்குத்தான்.

எனவே வாய்ப்பேச்சில் ‘ஆஃப்’ இருக்கட்டும். எழுத்தில் ‘ஆனுவல் லீவ்’ என்றோ ‘ஆஃப் இன் லூ’ என்றோ பெயர் சொல்லித் தேதியோடு கேளுங்கள்.