அரங்கேறிய குரல்

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில், கோவில் திருவிழா இரவுகளில் 'வள்ளி திருமணம்' நாடகம் இன்றும் நிகழ்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களுக்கு இடையே எழும் தருக்கத்தின் பெரும்பகுதியை நடிகர்கள் அரங்கிலேயே புனைந்து பேசுவர். தினைப்புனம் காக்கும் வள்ளியாக வரும் நடிகை, நாரதரோடும் வேடனாக வந்த முருகனோடும் சளைக்காமல் வாதிடுகிறார். அவருடைய சொல்வன்மைக்கு ஊரே கைதட்டுகிறது. ஆயினும், அதே ஊரில் தன் திருமணத்தைப் பற்றியோ மேற்படிப்பைப் பற்றியோ ஒரு பெண் கருத்துரைத்தால், 'வாயாடி' என்னும் பெயரே அவளுக்குக் கிடைக்கிறது. மேடையில் போற்றப்படுவது வீட்டில் குற்றமாவது ஏன்?

கலை மகிழ்வூட்டுவதற்கே, உரிமை பேசுவதற்கு அன்று என்பர் சிலர். மதுரையின் வரலாறு இதனை ஏற்கவில்லை. 1917இல் இங்குப் பிறந்த கே.பி. ஜானகி அம்மாள், நாடகக் குழுவில் சேர்ந்து கதைத்தலைவியாக நடித்துப் புகழ்பெற்றவர். அரங்கில் பயின்ற குரலையே அவர் விடுதலைப் போராட்டத்திற்கு வழங்கினார், பொதுக்கூட்டங்களில் பாடினார், உரையாற்றினார். போருக்கு எதிராகப் பேசியமைக்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறை சென்றார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறர் எழுதிய உரையாடலைப் பேசத் தொடங்கியவர், தம் கருத்தைத் தாமே பேசும் நிலைக்கு உயர்ந்தார். அந்த உயர்வுக்குக் கலை படிக்கல்லாயிற்று.

எனினும், பேசுவோர் இருந்தால் மட்டும் போதாது, கேட்போரும் வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரை அரசவைக்குள் தனியொருத்தியாகக் கண்ணகி நுழைகிறாள். பாண்டியன் அவளைத் தடுக்காமல் வரவழைத்து வினவுகிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். அரசியின் சிலம்பிலுள்ளதோ முத்து. உடைத்த சிலம்பு உண்மையை உணர்த்த, மன்னன் தன் பிழையை ஏற்கிறான். ஆனால், கோவலனைக் கொல்லுமுன் இவ்வாறு கேட்டிருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரமும் பிழைத்திருக்கும். காலம் கடந்து கேட்பதன் விலையையே இளங்கோவடிகள் நமக்குக் காட்டுகிறார்.

பேச்சுரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு ஆண், பெண் வேறுபாடின்றி வழங்கியுள்ளது. சட்டம் தந்ததைப் பழக்கமாக்கும் பயிற்சிக்களம் பள்ளி. ஆண்டுவிழாவில் மாணவியருக்கு வரவேற்பு நடனத்தை மட்டும் ஒதுக்குதல் போதாது. நாடகத்தை எழுதவும் இயக்கவும் வாதிடவும் அவர்களுக்கு வாய்ப்பளித்தல் வேண்டும். மாணவர்களோ, அரங்கில் தட்டிய கைகளோடு நின்றுவிடாமல், வீட்டில் அக்காவும் தங்கையும் பேசும்போது செவிகொடுத்துக் கேட்கவும் பழகுதல் வேண்டும். வள்ளிக்குக் கிடைக்கும் செவி அவர்களுக்கும் கிடைக்கும் நாளிலேதான், நாம் அந்நாடகத்தை உண்மையாகப் பார்த்தவர்கள் ஆவோம்.