எதைச் சுருக்குவது?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர், "பொதுமக்களுக்காகச் சுருக்கி எழுதினால் ஆய்வு நீர்த்துப்போகும்" என்றார். அவையில் பலரும் தலையசைத்தனர். நான் மறுக்கிறேன். டிஎன்ஏவின் அமைப்பை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டியது. அதனால் அது நீர்த்துவிடவில்லை. எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்று அறியாமல் சுருக்கும்போதுதான் ஆய்வு கெடுகிறது.

என் துறையிலிருந்தே ஒரு சான்று. 2018இல் ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் இதழில் திராவிட மொழிக்குடும்பத்தின் வயது குறித்த ஆய்வு வெளிவந்தது. இருபது மொழிவகைகளின் அடிப்படைச் சொற்களைக் கொண்டு, அக்குடும்பம் கிளைவிடத் தொடங்கிய காலத்தைப் பேய்சிய முறையில் கணித்தனர். விடை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள். கணிப்பின் வீச்சோ 3,000 முதல் 6,500 வரை. செய்தித் தலைப்புகளில் 4,500 மட்டுமே எஞ்சியது. அதைத் தமிழின் வயது என்றே நம்பும் முதுகலை மாணவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தாய்மொழி பிரியத் தொடங்கிய காலத்தை மகளின் வயதாகக் கொண்ட பிழை இது.

செய்தியாளரைப் பழித்து நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் சரியாகச் சொல்ல எத்தனை சொற்கள் தேவை? "தமிழும் கோண்டியும் பிராகுயியும் ஒரே தாயிடமிருந்து பிரியத் தொடங்கிச் சுமார் 4,500 ஆண்டுகள் ஆகியிருக்கலாம், 3,000 முதல் 6,500 வரை எதுவும் இயலும்." அவ்வளவே. இதில் பேய்சும் இல்லை, முன்னாய்வுப் பட்டியலும் இல்லை. எதன் வயது என்பதும், எவ்வளவு உறுதி என்பதும் இருக்கின்றன. வாசகருக்கு இன்றியமையாதவை இவ்விரண்டுமே. இதை எழுத வேண்டியவர் துறை அறிந்த நாம். நாம் எழுதாத இடத்தைத் தலைப்புகள் நிரப்புகின்றன.

உண்மையைச் சொன்னால், நம்மைத் தடுப்பது ஆழத்தின்மீதுள்ள அக்கறை இல்லை, அச்சம். கலைச்சொற்களைக் களைந்தபின் சொல்வதற்கு ஒன்றும் எஞ்சாமல் போய்விடுமோ என்னும் அச்சம். எஞ்சாவிட்டால், குறை சுருக்கத்தில் இல்லை.

நம்மில் பலருடைய உதவித்தொகை மக்களின் வரிப்பணம். ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஒவ்வொருவரும் அதனைத் தம் தாய்மொழியில் 250 சொற்களில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் படிக்கக் கொடுப்போம். அவர் எந்த வரியில் தயங்கி நிற்கிறாரோ, அந்த வரி நமக்கே இன்னும் விளங்கவில்லை என்று கொள்வோம்.