வெற்றித் தேவதையின் காசு

ரோமானியர் வெற்றிக்கும் ஒரு தேவதையை வைத்திருந்தனர். பெயர் விக்டோரியா. முதுகில் சிறகு, கையில் வாகை சூட்ட ஒரு வளையம். கி.மு. 211 வாக்கில் வெளிவந்த வெள்ளிக் காசு ஒன்றுக்கு ‘விக்டோரியாட்டஸ்’ என்றே பெயர்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு 4ஆம் நூற்றாண்டு வெண்கலக் காசுகளே கைக்கு எட்டும். வாலன்டீனியனும் அவர் தம்பி வாலன்ஸும் 364 முதல் இவற்றை ஏராளமாக அடித்தனர். ஒரு பக்கம் பேரரசர் முகம். மறுபக்கம் நடந்து வரும் விக்டோரியா, சுற்றிலும் ‘நாட்டின் பாதுகாப்பு’ என்று இலத்தீன் எழுத்து. ஆனால், 378 ஆகஸ்ட் 9 அன்று அட்ரியானோப்பிள் போரில் வாலன்ஸ் கோத்தியரிடம் தோற்று மாண்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அத்தகைய காசு என்னிடமும் ஒன்று உண்டு. வாங்கிய புதிதில், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பச்சைப் படலத்தோடு பேரரசர் பெயரும் போய்விட்டது. இப்போது அது அண்ணன் காசா, தோற்ற தம்பியின் காசா என்று எனக்குத் தெரியாது.

வாசகர்களே, பழங்காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் மண்ணை மட்டும் அகற்றுங்கள். எழுத்தின் நுணுக்கமெல்லாம் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது.