சதுப்பு நிலத்தில் சதவீதக் கணக்கு

சம்பளத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. ஒழுக்கம் இருந்தால் போதுமாம். அமெரிக்காவின் எலிசபெத் வாரன் 2005இல் மகளோடு எழுதிய நூலால் பரவிய கணக்கு இது. சென்னையின் பள்ளிக்கரணைக்கு இது எப்படிப் பொருந்தும்? வீட்டுக்கடன் தவணை போக, கோடையில் லாரித் தண்ணீர். மழையில் மூழ்கிய பைக், வாஷிங் மெஷின். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அரசு தந்த நிவாரணம் 6,000 ரூபாய். அதில் ஒரு ஃபிரிட்ஜ்கூட வாங்க முடியாது! சதுப்பை நிரப்பிக் கட்டிய ஊரில் வெள்ளச் செலவை ‘எதிர்பாராதது’ என்று எழுதுவதே பொய்க்கணக்கு. அதையும் தேவையில் சேர்த்தால் ஐம்பது எங்கே நிற்கும்? பற்றாக்குறையில் நகை அடகுக்குப் போவதற்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்பது அபாண்டம். இங்கே வீடு வாங்குவோரே, தவணைத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். 2015 வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து மளிகைக்கடையில் கேளுங்கள்.