தனுக்கோடிப் புகைவண்டி நிலையம்

இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியில், இருபுறமும் கடல் சூழ்ந்த மணற்றிட்டின்மீது அமைந்தது தனுக்கோடி. இன்று அங்குச் செல்வோர் காண்பன கூரையிழந்த சில சுவர்களே. அவற்றுள் ஒரு பகுதி இரு நாடுகளை இணைத்த புகைவண்டி நிலையமாக விளங்கியது என்பதைப் பலரும் அறியார்.

முன்னர்க் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறி நெடுந்தூரம் கடலில் செல்லவேண்டியிருந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றபின் அந்நிலை மாறியது. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட வண்டி தனுக்கோடித் துறைவரை வந்தது. ஆங்கு இறங்கியோர் நீராவிக் கப்பலில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடந்து தலைமன்னாரை அடைந்தனர். அங்கிருந்து மீண்டும் புகைவண்டியேறிக் கொழும்பு சென்றனர். கப்பலுக்கு இயைய ஓடிய அவ்வண்டியை மக்கள் 'போட் மெயில்' என்றே வழங்கினர். அதனால் தனுக்கோடியில் அஞ்சலகமும் சுங்க அலுவலகமும் கடைகளும் பெருகின.

1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு பெரும்புயல் வீசியது. பாம்பனிலிருந்து வந்த வண்டி நிலையத்தை அணுகிய வேளையில் கடல் பொங்கி அதனை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊர் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலம் இரு திங்களுக்குள் செப்பனிடப்பெற்றது. தனுக்கோடிக்கோ வண்டி திரும்பவே இல்லை.

இச்சிதைவை என் செய்வது? நிலையத்தைப் பழைய வடிவில் புதிதாகக் கட்டவேண்டும் என்பார் உளர். அங்ஙனம் கட்டினால் கொத்தரின் திறம் தோன்றுமேயன்றி அவ்விரவு தோன்றாது. கடல் அழித்ததைக் கடலுக்கே விட்டுவிடலாம் என்பதும் பொருந்தாது. உப்புக்காற்று நாடோறும் காரையை அரித்துவருகின்றது. 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை அமைந்தபின் வருவோர் தொகையும் மிகுந்தது. அவருட் சிலர் சுவரில் தம் பெயரைக் கீறிச் செல்கின்றனர். எழுதுதற்கு அவர்க்கு வேறு இடம் வாய்க்கவில்லை போலும்!

சிதைவைச் சிதைவாகவே காத்தல் வேண்டும். சாயும் சுவர்களுக்கு முட்டுக்கொடுத்து, சிமெந்து பூசாமல் பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரையால் பிளவுகளை அடைக்கலாம். சிமெந்து உப்பீரத்தை உள்ளே தடுத்துநிறுத்திப் பழஞ்சுவரைக் கெடுக்கும். வண்டியோடு மாண்டோரின் செய்தியைக் கல்லிற் பொறித்து அருகே நாட்டலாம். இடிபாடுகளைச் சூழ இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கின்றன. காவற்பணியை ஊதியத்துடன் அவர்களிடமே ஒப்படைத்தல் தக்கது. புயலுக்குப்பின் அவ்வூரை விடாது பற்றியிருப்போர் அவர்களே.